மணிக்கட்டில் விரல் வைத்து மூளைத்தண்டின் வேலையைப் பார்ப்பது எப்படி

இதற்குத் தேவை உங்கள் விரல்களும் நொடி முள் ஓடும் ஒரு கடிகாரமும்தான். கோவிட் சமயத்தில் வாங்கி இப்போது டிராயரில் பேட்டரி தீர்ந்து கிடக்கும் ஆக்சிமீட்டர் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு இடத்தில் உதவும். ஸ்மார்ட் வாட்ச் இந்த வேலைக்கு அவ்வளவாகச் சரிப்படாது. அது பல நொடிகளின் துடிப்பைச் சேர்த்துச் சராசரி போட்டு எண்ணைக் காட்டுகிறது, நாம் பார்க்கப்போவதோ ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் நடக்கும் சங்கதி.

மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பைப் பற்றி, மலேசியாவில் எஸ்.பி.எம். என்ற பள்ளித் தேர்வின் உயிரியலுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் "இதயத் துடிப்பைக் குறைக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். டிக்டாக்கைத் திறந்தால் அதே நரம்பை "ரீசெட்" செய்யச் சொல்லி ஒருவர் காதை நீவிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் ஐஸ் டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. அந்த நரம்பு இந்த நிமிடம்கூட உங்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தே அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். செந்தூல் ஃப்ளாட்டிலும் செய்யலாம், பினாங்கில் தண்ணீர்மலைப் படிக்கட்டிலும் செய்யலாம்.

முதலில் நாடியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலின் அடிப்பகுதியிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் இறங்குங்கள். ஓரத்து எலும்புக்கும் நடுவே விறைப்பாக ஓடும் நாணுக்கும் இடையில் சின்னப் பள்ளம் இருக்கும். அதில் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் லேசாக வையுங்கள். பலர் போட்டு அழுத்துவார்கள், அப்படி அழுத்தினால் நாடி காணாமல் போய்விடும். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதற்கே சொந்தத் துடிப்பு இருப்பதால் எது யாருடையது என்று குழம்பிவிடும்.

ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். தே தாரிக்கோ கோப்பியோ குடித்த கையோடு எண்ண வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை சாதாரணம் என்பார்கள், நடைமுறையில் பெரும்பாலோருக்கு 60க்கும் 80க்கும் இடையில்தான் வரும். உங்களுக்கு 72 வந்ததாக வைத்துக்கொள்வோம்.

இந்த 72 இதயத்தின் சொந்த வேகம் கிடையாது. இதயத்தின் வலது மேலறைச் சுவரில் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திட்டு இருக்கிறது, துடிப்பைக் கிளப்புவது அதுதான். எந்த நரம்பும் தொடாமல் அதன் பாட்டுக்கு விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். வேகப்படுத்தும் நரம்பு, மட்டுப்படுத்தும் நரம்பு இரண்டையும் மருந்தால் அடைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள்: 20 வயதில் சுமார் 107, 50 வயதில் சுமார் 90. நம் தேசிய இதயக் கழகம் (ஐ.ஜே.என்.) போன்ற மருத்துவமனைகளில் இதய மாற்று செய்துகொண்டவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 90, 100, 110 என்று ஓடுவதும் இதனால்தான். புது இதயத்துக்கு ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கலாம், நரம்பைத் தைத்து இணைக்க முடியாது.

அப்படியானால் 100ஐ 72ஆக இறக்கி வைத்திருப்பது யார்? முகுளம். மூளைத்தண்டின் கடைசிப் பகுதி, மூன்று சென்டிமீட்டர் நீளம், பிடரிக்கு உள்ளே மண்டையோட்டின் அடித்துளைக்குச் சற்று மேலே இருக்கிறது. அதற்குள் ஆம்பிகுவஸ் கரு என்ற நரம்பணுக் கூட்டத்திலிருந்துதான் இதயத்துக்குப் போகும் வேகஸ் இழைகளில் முக்கியமானவை கிளம்புகின்றன. பத்தாவது மண்டை நரம்பான வேகஸ் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் கழுத்தில் இறங்குகிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் கழுத்துச் சிரையும் இதுவும் ஒரே உறைக்குள் இருக்கும். மார்புக்குள் வந்ததும் இதயத்தின் பின்பக்கக் கொழுப்பில் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் செய்தியைக் கைமாற்றும். அங்கிருந்து போகும் குட்டை இழைகள் சைனஸ் கணுவின் மேல் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சொட்டுகின்றன. அது கணுவின் உயிரணுக்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசலைத் திறந்துவிடுகிறது. உயிரணு அடுத்த துடிப்புக்கான மின்னழுத்தத்தை எட்ட இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. தாமதம் கூடக்கூடத் துடிப்பு குறைகிறது, அவ்வளவுதான்.

நரம்பு இதயத்துக்குச் செய்தியைக் கொடுப்பது மின்சாரத்தாலா வேதிப்பொருளாலா என்று வெகுநாள் சண்டை நடந்தது. 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை வைத்துத் தீர்த்தார். ஒன்றின் வேகஸைத் தூண்டினார், அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொன்றில் விட்டார், நரம்பே தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகிவிட்டது. 1936இல் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு.

ஜாலான் ஈப்போ ஜாமில் ஆட்டோ கியர் கார் ஓட்டுபவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டி-யில் போட்டுவிட்டு பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்தாலே கார் நகர ஆரம்பிக்கும், எண்ணெய் மிதிக்கவே வேண்டாம். ஓய்வில் இருக்கும் உடம்பும் அப்படித்தான் ஓடுகிறது. துடிப்பை 72லிருந்து 90க்கு ஏற்ற முகுளம் பெரும்பாலும் பிரேக்கைத்தான் தளர்த்துகிறது. எண்ணெய் மிதிப்பது, அதாவது முதுகுத்தண்டிலிருந்து வரும் பரிவு நரம்பும் அட்ரினலினும், அதற்கு மேல்தான் பெரிதாகச் சேர்கின்றன.

இந்த இரண்டையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க ஒரே ஒரு தந்திரம் போதும்: நேரம். அசிடைல்கோலின் சொட்டியவுடனே வேலை செய்யும், உடனே சிதைந்தும் போகும், அதனால் வேகஸின் செயல் ஒரு துடிப்புக்குள் தெரியும், ஓரிரு நொடியில் மறையும். பரிவு நரம்பு சோம்பேறி. முழு வேகம் பிடிக்க அரை நிமிடம்கூட ஆகும், நின்ற பிறகும் வால் விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே விரலுக்கடியில் ஒரு மாற்றம் சட்டென்று வந்து சட்டென்று போனால், முகுளம் வேகஸை இறுக்கியது அல்லது தளர்த்தியது என்று பொருள். கீழே சொல்லும் எல்லாச் சோதனைக்கும் இதுதான் அளவுகோல்.

மூச்சில் பார்ப்பது

இதுதான் எனக்குப் பிடித்தது, காசும் இல்லை ஆபத்தும் இல்லை. நாடியில் விரல் இருக்கட்டும். ஐந்து எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஐந்து எண்ணும் வரை விடுங்கள், நிறுத்தாமல், நெஞ்சை உப்பிக்கொண்டு அடம்பிடிக்காமல். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். முதல் இரண்டு மூச்சில் ஒன்றும் தெரியாது. அப்புறம் கவனியுங்கள்: இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீளும். சிலருக்கு மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் "என்ன, நின்றுவிட்டதா?" என்று கேட்கும் அளவுக்கு நீளும். பயப்படாதீர்கள், நல்ல இளம் நரம்பு அப்படித்தான் இருக்கும்.

காரணம் முகுளத்துக்குள்ளேயே இருக்கிறது. மூச்சை இழுக்கச் சொல்லும் நரம்பணுக்களும் வேகஸை இயக்கும் நரம்பணுக்களும் அண்டை வீட்டுக்காரர்கள், இழுக்கும் நேரத்தில் முதல் கூட்டம் இரண்டாவதை அடக்கிவிடுகிறது. நுரையீரல் விரிவதைச் சொல்லும் நரம்புகளும் அதே திசையில் உதவுகின்றன. மூச்சு விடும்போது அடக்குமுறை விலகும், வேகஸ் திரும்ப வரும். ஒவ்வொரு மூச்சுக்கும் இந்த ஏற்ற இறக்கம் தவறாமல் நடப்பதே இது வேகஸ் என்பதற்குச் சாட்சி, பரிவு நரம்பால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

எண்ணாகப் பார்க்க வேண்டுமானால் இ.சி.ஜி.தான் சரியான வழி. இப்படி ஆழமாக மூச்சு விடும்போது அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் நிமிடத்துக்கு 15க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டியது என்பது பழைய, இன்றும் புழங்கும் கணக்கு. வயது ஏற ஏற வித்தியாசம் தானாகவே சுருங்கும், அதனால் அறுபதைத் தாண்டிய அப்பாவின் நாடியை இருபது வயதுப் பையனோடு ஒப்பிட்டுப் பயமுறுத்தாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை வெறும் வேடிக்கை கிடையாது. நீளமான நரம்புகளைத்தான் சர்க்கரை முதலில் அரிக்கும், வேகஸ் மிக நீளமானது. பல வருடம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இந்த மூச்சலை தட்டையாகிவிடும், உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 90, 100 என்று நின்றுகொள்ளும். கூடவே நெஞ்சிலிருந்து வரும் வலிச் செய்தியும் மங்கும், மாரடைப்பு வந்தும் வலியே தெரியாமல் போகும் ஆட்கள் இவர்களில்தான் அதிகம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இருந்தது, நம் இந்தியர்களிடம் அதைவிடக் கூடுதல். விரலால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பத்து வருடமாக மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு மூச்சோடு நாடி அசையவே இல்லை என்று தெரிந்தால், அடுத்த முறை அரசு கிளினிக்கில் "நரம்பு எப்படி இருக்கிறது, இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்" என்று கேட்க ஒரு காரணம் கிடைக்கும்.

எழுந்து நிற்பது

ஐந்து நிமிடம் படுத்திருங்கள், எண்ணுங்கள், பிறகு ஒரே வீச்சில் எழுந்து நின்று, நாடியை விடாமல் பிடித்திருங்கள். நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்கிவிடும். தாடைக் கோணத்துக்குக் கீழே கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன, பெருந்தமனி வளைவிலும் இருக்கின்றன. கழுத்திலிருந்து ஒன்பதாவது மண்டை நரம்பு வழியாகவும் பெருந்தமனியிலிருந்து வேகஸ் வழியாகவும் செய்தி முகுளத்துக்குப் போகிறது. அழுத்தம் இறங்கியதும் அந்தச் செய்தி மெலியும், முகுளம் அடுத்த நொடியே வேகஸை விட்டுவிடும். பதினைந்தாவது துடிப்பு வாக்கில் உச்சம், முப்பதாவது துடிப்பு வாக்கில் கொஞ்சம் நிதானம். கவனமாகப் பிடித்தால் இந்த ஏறி இறங்கும் மேடு விரலுக்கே தெரியும். கடைசியில் படுத்திருந்ததைவிட 10 முதல் 20 கூடுதலாக நிற்கும்.

பத்து நிமிடம் நின்ற பிறகும் 30க்கு மேல் கூடுதலாகவே இருந்து, தலைசுற்றலும் படபடப்பும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 40 வரை விடுவார்கள். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்த நாளிலும் இப்படி ஏறும், அது வெறும் நீர்க்குறைவு. டிங்கி காய்ச்சலோடு ஏறினால் வேறு கதை, அப்போது சோதனை செய்துகொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முகத்தில் குளிர்

இங்கே ஆக்சிமீட்டர் வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள். இதய நோய், துடிப்புத் தாறுமாறு, அடிக்கடி மயக்கம், இதயத்துக்கு மாத்திரை என்று ஏதாவது இருந்தால் இந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கடந்துபோங்கள்.

பேசினில் தண்ணீரோடு ஐஸ் கட்டி நிறையப் போடுங்கள். கோலாலம்பூர் குழாய்த் தண்ணீர் இதற்கு உதவாது, அது வெதுவெதுப்பாகத்தான் வரும். உட்கார்ந்த நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெற்றி, கண், கன்னம் நனையும்படி முகத்தை இருபது நொடி வையுங்கள். கூட இருப்பவர் ஆக்சிமீட்டரைப் பார்க்கட்டும். முதல் சில நொடி அதிர்ச்சியில் எண் ஏறலாம், அப்புறம் இறங்கும், 80 இருந்தது 65க்கு வரலாம். முகத்தின் குளிர்ச்சியை ஐந்தாவது மண்டை நரம்பு முகுளத்துக்குச் சொல்கிறது. தண்ணீருக்குள் இருக்கிறோம், ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று வேகஸ் இறுக்குகிறது. கடல்நாய்களுக்கு இது பிரமாதமாக வேலை செய்யும், நமக்கு மிச்சம் மீதிதான். டிக்டாக் ஐஸ் வீடியோக்களில் உண்மை இந்த அளவுக்கு உண்டு: முகத்தை எடுத்த ஒரு நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதற்குப் பெயர் ரீசெட் இல்லை.

படியேறி நிற்பது

பத்துமலையில் 272 படி, தண்ணீர்மலையில் 513. அவ்வளவு தூரம் போக வேண்டாம், லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஃப்ளாட் படிக்கட்டே போதும். மூச்சு வாங்கும் அளவுக்கு ஏறுங்கள். நின்றதும் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். மெதுவாக நடந்துகொண்டே இருங்கள், தொப்பென்று உட்காராதீர்கள், சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் இறங்குவது பெரும்பாலும் வேகஸ் திரும்பி வருவதால்தான், ஏனென்றால் அட்ரினலின் இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். 20க்கு மேல் இறங்குவது வழக்கம். டிரெட்மில் சோதனை செய்தவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்களுக்கு இறப்பு அதிகமாக இருந்தது. படிக்கட்டு டிரெட்மில் ஆகிவிடாது, ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் தினமும் நடக்க ஆரம்பித்துச் சில மாதம் போனதும் இந்த இறக்கம் கூடுவதை நீங்களே பார்க்கலாம், எனக்குத் தெரிந்து வேகஸைப் "பலப்படுத்த" இதைவிட நம்பகமான வழி இல்லை.

கை மீறிப்போகும் நேரம்

ரத்ததான முகாம்களில் இதைப் பலமுறை பார்க்கலாம். ஊசி குத்தும்போது சிரித்துக்கொண்டிருந்த திடகாத்திரமான பையன், எல்லாம் முடிந்து மைலோ குடிக்க உட்கார்ந்த இடத்தில் கொட்டாவி விட ஆரம்பிப்பான். உதடு வெளுக்கும், மேலுதட்டில் முத்து முத்தாக வியர்க்கும், நாற்பதில் நாடி. "தம்பி, காலைக் குறுக்கே போட்டு இறுக்குங்க, கையை மூடி அழுத்துங்க, அப்படியே சாய்ங்க" என்று தாதி சொல்லிக்கொண்டே நாற்காலியைச் சாய்ப்பார். முகுளம் வேகஸை அளவுக்கு மீறி இறுக்கி, அதே நேரம் ரத்தக்குழாய்களைத் தளர்த்தியும் விடுவதால் வரும் மயக்கம் இது. விரதமிருந்து வெயிலில் வரிசையில் நிற்கும் தைப்பூசக் கூட்டத்திலும் விழுபவர்கள் பலர் இந்த வகைதான்.

கொட்டாவி, குமட்டல், காதில் இரைச்சல், கண் இருட்டுவது ஆகியவை முன்னறிவிப்பு. அந்த நேரத்தில் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிப் பிடித்தால் கால் ரத்தம் மேலே ஏறி நேரம் கிடைக்கும், உடனே படுத்துவிடுங்கள். வேறு யாராவது விழுந்தால் கிடத்திக் காலைத் தூக்கி வையுங்கள். நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம் நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தி உட்காரவைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவது, இரண்டும் கூடாது. கோடாலித் தைலம் தேய்ப்பதில் தீங்கில்லை, ஆனால் எழுந்தது தைலத்தால் இல்லை, படுத்ததால்.

இரவில் கழிவறையில் முக்கும்போதோ நின்றபடி சிறுநீர் கழிக்கும்போதோ வயதான ஆண்கள் விழுவதிலும் இதே நரம்புக்குப் பங்குண்டு. உட்கார்ந்து போகச் சொல்லுங்கள், அப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

செய்யவே கூடாதவை

கழுத்துத் தமனியை அழுத்தித் தேய்த்தால் துடிப்பு குறையும் என்பது உண்மை. அழுத்தம் கூடியதாக முகுளம் ஏமாந்து வேகஸை இறுக்கிவிடும். தமனிக்குள் கொழுப்புப் படிந்திருந்தால் அது பெயர்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம், அதனால் வீட்டில் வேண்டாம். கண்ணை அழுத்துவதும் துடிப்பைக் குறைக்கும், கண்ணையும் கெடுக்கும். திடீரென்று 180 என்று ஓடும் ஒரு வகைத் துடிப்பை நிறுத்த, 15 நொடி சிரிஞ்சில் ஊதவைத்து உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கும் முறை ஒன்று இருக்கிறது. 2015இல் இங்கிலாந்தில் நடந்த பரிசோதனையில் காலைத் தூக்காத பழைய முறையில் 17 விழுக்காட்டினருக்கும் இப்படிச் செய்ததில் 43 விழுக்காட்டினருக்கும் துடிப்பு சரியானது. அதைச் செய்ய இ.சி.ஜி. பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் வேண்டும்.

இன்னொன்று, ஊமத்தை. அதன் விதையிலும் இலையிலும் இருக்கும் அட்ரோபின் அசிடைல்கோலின் உட்காரும் இடத்தை அடைத்துவிடும். வாய் வறண்டு, கண்மணி விரிந்து, இதயம் தறிகெட்டு ஓடும். சில பூச்சிமருந்துகள் நேரெதிர், அசிடைல்கோலினைச் சிதையவிடாமல் தேக்கி வைப்பதால் துடிப்பு விழுந்துபோகும், அதற்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது அதே அட்ரோபின்தான். வீட்டு வைத்தியம் என்று ஊமத்தையைத் தொடாதீர்கள்.

கிளினிக்குக்குப் போகிறீர்கள் என்றால் எண்ணை மட்டும் கொண்டுபோகாதீர்கள். படுத்திருந்தீர்களா நின்றீர்களா, எத்தனை நிமிடம் கழித்து எண்ணினீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிசோப்ரோலால், அட்டெனொலால் மாதிரி துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுபவர்களுக்கு மேலே சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது. ஓய்வில் 50க்குக் கீழே போய்த் தலைசுற்றினால், காரணமில்லாமல் 120க்கு மேலேயே நின்றால், மயங்கி விழுந்து அடிபட்டால், மயக்கத்துக்கு முன் நெஞ்சு வலித்தால் 999ஐ அழையுங்கள்.